மண்புழுவுக்குக் காது கேட்குமா?

“ஐயா, இதற்குக் காது கேட்குமா?”

பல ஆண்டுகளுக்கு முன்னர், மேல்நிலை வகுப்பு விலங்கியல் செய்முறைக் கூடத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இது. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தப்பட்ட மண்புழு ஒன்று அவள் முன்னே கிடந்தது. “அதெல்லாம் பாடத்தில் இல்லை. சேணம் எந்தக் கண்டத்தில் தொடங்குகிறது, அதைப் பார்” என்றேன். அவள் பார்த்தாள். 14 முதல் 17 வரை என்று குறிப்பேட்டில் எழுதினாள். முழு மதிப்பெண்ணும் பெற்றாள்.

மண்புழுவை அறுத்துக் காட்டியே பிழைத்தவன் நான் என்று சொன்னாலும் தவறில்லை. அதன் குடல் எங்கே அகல்கிறது, இரத்தக் குழாய்கள் எத்தனை, விந்துப் பைகள் எங்கே உள்ளன என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் உயிருள்ள மண்புழு ஓர் இலையை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதை நான் ஒரு முறையேனும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு ஒரு பழைய நூலைப் படித்தபோதுதான் இந்தக் குறை உறைத்தது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு அந்நூலில் விடையும் இருந்தது. விடை ஒரு வரி. அதைக் கண்ட விதத்தைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

நூலாசிரியர் சார்லஸ் டார்வின். அவர் பெயரைச் சொன்னதும் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் பெரு நூலே நினைவுக்கு வரும். நான் சொல்வது அவருடைய கடைசி நூல். 1881 அக்டோபரில் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, 1882 ஏப்ரலில் அவர் மறைந்தார். ‘மண்புழுக்களின் செயலால் மேல்மண் உண்டாதல்; அவற்றின் பழக்கங்களைப் பற்றிய குறிப்புகளுடன்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வாசகரைக் கைதட்டி அழைக்கும் தலைப்பு அன்று. ஆயினும் வெளிவந்த உடனேயே ஆயிரக்கணக்கான படிகள் விற்றன, ஆசிரியரே வியந்துபோனார்.

மொத்தம் ஏழு அதிகாரங்கள். முதல் இரண்டும் புழுக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றியவை. நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

டார்வின் தம் படிப்பறையில் மண் நிரப்பிய தொட்டிகளில் மண்புழுக்களை வளர்த்தார். புழுக்கள் இரவில் வெளிவருபவை. ஆகவே இரவில்தான் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு விளக்கு வேண்டும். அந்த விளக்கின் ஒளியே புழுவின் நடத்தையை மாற்றிவிடுமே, என்ன செய்வது? சிவப்பு, நீலக் கண்ணாடிகளின் வழியே ஒளியை வடிகட்டிப் பார்த்தார். கண் இல்லாத இந்த உயிர், மங்கலான ஒளியைப் பொருட்படுத்துவதில்லை. கூர்மையான ஒளியைத் தலைப்பக்கம் குவித்தால், சில சமயம் முயல் வளைக்குள் பாய்வதுபோல் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் எப்போதும் அல்ல. இலையை இழுப்பதில் மும்முரமாக இருக்கும் புழு அதே ஒளியைக் கவனிப்பதே இல்லை. இங்கே டார்வின் சற்று நின்று யோசிக்கிறார். ஒரு வேலையில் ஈடுபட்ட உயிர் மற்றொன்றைக் கவனியாமல் இருக்கிறது என்றால், அதற்குக் ‘கவனம்’ என்று ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்? ஒரு புழுவுக்குக் கவனம் உண்டா என்னும் கேள்வியை, தொட்டியின் அருகே விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் எழுப்புகிறார்.

இனி, காது. புழுக்களின் அருகே உலோக ஊதல் ஒன்றைக் கீச்சென்று ஊதினார்கள். புழுக்கள் அசையவில்லை. பஸூன் என்னும் நீண்ட துளைக் கருவியை அதன் மிகத் தாழ்ந்த, உரத்த சுருதியில் ஊதினார்கள். இது நம் நாகசுரத்தைப்போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி. மகன் பிரான்சிஸ் வாசித்ததாகச் சொல்வார்கள். அதற்கும் அசையவில்லை. உரக்கக் கத்தினார்கள், மூச்சுக் காற்று மட்டும் புழுமேல் படாமல் பார்த்துக்கொண்டார்கள். பயனில்லை. பக்கத்து மேசையில் தொட்டியை வைத்துப் பியானோவைப் பலமாக வாசித்தார்கள். புழுக்கள் அமைதியாகவே இருந்தன.

இத்துடன் “மண்புழு செவிடு” என்று எழுதி, கோடு போட்டு முடித்திருக்கலாம். நான் முடித்திருப்பேன். டார்வின் தொட்டிகளைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்தார். ஒரே ஒரு கட்டையை அழுத்தினார்கள். இரு தொட்டிகளிலும் இருந்த புழுக்கள் அக்கணமே வளைக்குள் மறைந்தன. காற்றில் வரும் ஒலி கேட்காது. தொட்ட பொருளின் வழியே வரும் அதிர்வு உடம்பெங்கும் தெரியும். மழைக்காலத்தில் வரப்பின்மேல் நாம் காலடி வைத்ததும் புழு உள்ளே போய்விடுவது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது.

இந்தப் பகுதியைப் படித்தவுடன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். உலகப் புகழ்பெற்ற எழுபது வயதுக் கிழவர். மனைவியும் மக்களும் சூழ்ந்திருக்க, நள்ளிரவில் புழுக்களுக்குக் கச்சேரி நடத்துகிறார்! ஆனால் நூலில் எங்கும் சிரிப்புக்கு இடம் வைக்கவில்லை. ஊதலும் பஸூனும் பியானோவும் சோதனைக் கருவிகளாகவே, ஒன்றன்பின் ஒன்றாக, அடக்கமாக வந்துபோகின்றன. சிரித்தபின் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி! ஒரு தொட்டியும் ஒரு மேசையும் போதும், வகுப்பிலேயே பார்த்திருக்கலாம்.

அடுத்து இலைச் சோதனை வருகிறது. மண்புழு தன் வளையின் வாயை இலைகளால் அடைத்துக்கொள்ளும் வழக்கமுடையது. அகன்ற இலையைக் குறுகிய துளைக்குள் இழுப்பதற்கு எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும்? கூரான நுனியைப் பிடித்தால் எளிதாக உள்ளே போகும். காம்பின் பக்கம் அகலமாக இருந்தால் அங்கே பிடித்தால் சிக்கிக்கொள்ளும். புழுவுக்கு இது தெரியுமா? டார்வின் வளைகளிலிருந்து வாடிய இலைகளை ஒவ்வொன்றாக உருவி எண்ணினார். மொத்தம் 227 இலைகள். அவற்றுள் 181 நுனியாலும், 20 அடியாலும், 26 நடுவாலும் இழுக்கப்பட்டிருந்தன. எண்பது விழுக்காடு நுனி. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத எண்.

பைன் மரத்தின் ஊசியிலைகள் இரண்டிரண்டாக அடியில் ஒட்டியிருக்கும். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மற்றது வாசலில் குறுக்கே நின்றுகொள்ளும். அவற்றைப் புழுக்கள் ஏறக்குறைய எப்போதும் ஒட்டிய அடியால்தான் இழுத்தன. ஒருவேளை நுனி குத்துவதால் ஒதுக்குகின்றனவோ? நுனிகளை ஒட்டியும் கட்டியும் வைத்துப் பார்த்தார். அப்போதும் அடியைத்தான் பெரும்பாலும் தேர்ந்தன. சரி, இவையெல்லாம் புழுக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய இலைகள். உடம்போடு பிறந்த இயல்பூக்கமாக இருக்கலாம். எந்தப் புழுவும் எந்தக் காலத்திலும் கண்டிராத ஒன்றைக் கொடுத்தால்? தாளை நீண்ட முக்கோணங்களாக வெட்டினார். மழையிலும் பனியிலும் நைந்துபோகாதிருக்க இரு புறமும் கொழுப்பைத் தடவினார். 303 முக்கோணங்களை எண்ணியபோது, 62 விழுக்காடு கூர்முனையாலும், 15 விழுக்காடு நடுவாலும், 23 விழுக்காடு அகன்ற அடியாலும் இழுக்கப்பட்டிருந்தன.

ஓர் ஐயம் எழுகிறது. அதைத் தீர்க்க ஒரு சோதனை. அச்சோதனையிலிருந்தே மற்றோர் ஐயம். வாசகரும் கூடவே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். “அப்படியானால் இதைச் செய்து பார்க்கவேண்டுமே” என்று நமக்குத் தோன்றும். அடுத்த பக்கத்தில் அவர் அதைச் செய்திருப்பார். இந்நூலின் அமைதியான இன்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பேன். முடிவு தெரிவதற்கு முன்னால், கேள்வி இன்னும் திறந்திருக்கும் நேரத்தில், நம்மை அருகே நிற்கவிடுகிறார். பாடநூல் செய்யாதது இது. “உழவனின் நண்பன் எது?” என்று ஒரு மதிப்பெண் வினா, “மண்புழு” என்று விடை. எத்தனையோ ஆண்டுகள் அந்த விடைக்குச் சிவப்பு மையால் சரி போட்டிருக்கிறேன். விடை சரிதான். அதை அடைந்த வழியில் ஒரு காலடியும் அதில் இல்லை.

புழுக்களுக்கு ஓரளவு அறிவு உண்டு என்று டார்வின் இந்த எண்களைக்கொண்டு முடிவு கட்டுகிறார். இந்த இடத்தில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பின்வந்த ஆய்வாளர்களிலும் பலர் ‘அறிவு’ என்னும் சொல்லை ஏற்கவில்லை. பல விதமாக இழுத்துப் பார்த்து, எளிதாக உள்ளே போனதை இழுத்தது என்றும் சொல்லலாம் அல்லவா? டார்வினும் இதை யோசிக்காமல் இல்லை. அப்படித் தடுமாறி முயன்றிருந்தால் தாள்கள் மடிந்தும் அழுக்காகியும் இருக்கவேண்டுமே என்று விடை தேடுகிறார். அந்த விடை எனக்குப் போதவில்லை. ஆனால் அவருடன் வழக்காடுவதற்கு வேண்டிய எண்களையெல்லாம் அவரே நம் கையில் கொடுத்துவிட்டல்லவா போயிருக்கிறார்!

மூன்றாம் அதிகாரத்தில் காலம் விரிகிறது. 1837-இல் மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் தம் நிலத்தைக் காட்டி, சில ஆண்டுகளுக்குமுன் மேலே பரப்பிய சுண்ணாம்பும் சாம்பற்கட்டியும் இப்போது புல்லுக்கு அடியில் சில அங்குல ஆழத்தில் கிடக்கின்றன என்றும், புழுக்கள் கீழிருந்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதே காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். அதே ஆண்டில் டார்வின் புவியியல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். பிறகு 1842-இல், டவுன் என்னும் சிற்றூருக்குக் குடிவந்த சில மாதங்களில், வீட்டருகே ஒரு புல்வெளியில் உடைந்த சுண்ணப்பாறைத் துண்டுகளைப் பரப்பினார். எதற்காக? பிற்காலத்தில் எப்போதாவது தோண்டிப் பார்ப்பதற்காக! அப்போது அவருக்கு வயது 33. தோண்டியது 1871 நவம்பர் இறுதியில், வயது 62. இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கட்டிகள் ஒரு வரிசையாகத் தெரிந்தன.

இன்னொரு வயல் முழுவதும் கல். உழுவதை நிறுத்திப் புல்லுக்கு விட்ட புதிதில், பிள்ளைகள் சரிவில் ஓடும்போது கற்கள் கலகலவென்று ஒலித்ததை டார்வின் நினைவுகூர்கிறார். இவை மூடப்படுவதைத் தம் ஆயுளில் காண்போமா என்று அவருக்கு ஐயம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குதிரை அந்த வயலில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பாய்ந்தோடினால், குளம்பில் ஒரு கல்கூடப் படாது. நூல் முழுவதிலும் என்னைக் கலங்கச் செய்த இடம் இதுதான். ஓடிய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். கற்கள் கீழே போய்விட்டன. யாரும் கண்ணால் காணாத வேகத்தில் இரண்டும் நடந்தன. ஆசிரியர் இதைப்பற்றி உருக்கமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

புழு வெளியே தள்ளும் மண் உருளைகளை நம் பாடநூல்கள் ‘நாங்கூழ்க் கட்டிகள்’ என்கின்றன. அளந்து குறித்த சதுர கஜ இடங்களில் விழும் கட்டிகளை ஓராண்டு முழுவதும் திரட்டி, உலர்த்தி, எடைபோட்டார் ஓர் அம்மையார். அவர் பெயரை டார்வின் தரவில்லை. நம்பத்தக்கவர் என்று மட்டும் குறிக்கிறார். பெயர் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். நாள்தோறும் குனிந்து பொறுக்கியவர் அவரல்லவா? இத்தகைய எடைகளிலிருந்துதான் இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஏக்கருக்கு 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்னும் புகழ்பெற்ற கணக்கு பிறந்தது.

தமிழ் வாசகர் இந்த நூலில் எதிர்பாராத ஓர் அறிமுகத்தையும் காண்பார். நீலகிரியில் சுமார் 7,000 அடி உயரத்தில் கிடைத்த நாங்கூழ்க் கட்டி ஒன்றின் படம் இயற்கை அளவிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் கோபுரம்போல் எழும்பி நின்ற கட்டி ஒன்றும் உண்டு. டவுன் கிராமத்தை விட்டு அதிகம் வெளியே போகாத அந்த முதியவரின் மேசைக்கு, கடிதங்களின் வழியே, நம் மலை மண்ணும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நூல் வெளிவந்த பத்தாண்டில், 1891-இல், சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகம் வெளிவந்தது. அதில் நடராசன் நாங்கூழ்ப் புழுவைக் கண்டு நின்று, அதன் உழைப்பைப் போற்றிப் பேசும் பகுதியைப் பள்ளியில் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். யாரும் மதியாத சிற்றுயிர் ஓயாமல் உழைக்கிறது என்னும் பார்வை இருவருக்கும் பொது. நாடகப் பாத்திரம் புழுவை வணங்கி நகர்கிறது. டார்வின் புழுவின் அருகே எடைத்தட்டோடு உட்கார்ந்துவிடுகிறார். நாம் முதலாவதை மனப்பாடம் செய்தோம். இரண்டாவதைச் செய்யத் துணியவில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். நான்காம் அதிகாரம் பழைய கட்டடங்கள் மண்ணில் புதைவதைப் பற்றியது. அபிங்கர், சில்செஸ்டர் முதலிய ஊர்களில் உரோமானியர் காலத்துத் தளங்கள் என்று ஒவ்வொன்றின் அடியிலும் எத்தனை அங்குல மண் என்று அளந்துகொண்டே போகிறார். முதல் இரண்டு இடங்கள் சுவையானவை. அதன்பின் அலுப்புத் தட்டுகிறது. சரிவில் மண் அரித்து இறங்குவதைப் பற்றிய ஐந்தாம், ஆறாம் அதிகாரங்களை முதல்முறை படிப்போர் விரைந்து கடக்கலாம், குற்றமில்லை. மற்றொன்று, டார்வின் கண்டது பெரும்பாலும் இங்கிலாந்தின் புல்வெளி. மண்புழு இருந்தால் எங்கும் நன்மையே என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. பனியுகத்துப் பனிப்பாளங்கள் மூடியிருந்த வட அமெரிக்கக் காடுகளில் நெடுங்காலம் மண்புழுக்களே இல்லை. ஐரோப்பியர் குடியேறியபோது அவர்களோடு வந்துசேர்ந்த புழுக்கள், அக்காடுகளின் தரையில் படிந்திருந்த இலைச் சருகுப் படுகையைத் தின்று தீர்த்து, அதை நம்பியிருந்த செடிகளுக்குக் கேடு விளைவித்து வருகின்றன என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. ‘உழவனின் நண்பன்’ எல்லாக் காட்டுக்கும் நண்பன் ஆவதில்லை.

1869-இல் ஃபிஷ் என்பவர், இவ்வளவு சிறிய, வலிமையற்ற உயிர் இவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமா என்று டார்வினின் பழைய கட்டுரையை மறுத்து எழுதினார். டார்வின் அவரைச் சினக்கவில்லை. சிறு காரணம் ஒன்று மீண்டும் மீண்டும் நிகழும்போது அதன் விளைவுகளைக் கூட்டிப் பார்க்க மனிதருக்கு எளிதில் வருவதில்லை என்று மட்டும் சொல்லி, எடைக் கணக்கை எடுத்து வைக்கிறார்.

ஆங்கில மூலம் காப்புரிமை நீங்கியது. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. நடை கடினமன்று. மேல்நிலை வகுப்பு ஆங்கிலமும் ஓர் அகராதியும் போதும். நாள் ஒன்றுக்கு நாலைந்து பக்கம் என்று படித்தால் முதல் இரண்டு அதிகாரங்களைச் சில வாரங்களில் முடிக்கலாம். வேகமாகப் படிக்கவேண்டிய நூலும் அல்ல.

படித்து முடித்த ஐப்பசியில் நானும் தாளில் 40 முக்கோணங்கள் வெட்டினேன். கொழுப்புக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன். கொல்லையில் வாழையடியில், நாங்கூழ்க் கட்டிகள் மிகுந்த இடமாகப் பார்த்து, மாலையில் பரப்பிவைத்தேன். விடிந்து பார்த்தால் எறும்புகள் வரிசை கட்டி வந்து எண்ணெயை ருசித்துக்கொண்டிருந்தன. பாதித் தாள்களைக் காற்று வேலியோரம் ஒதுக்கியிருந்தது. மூன்று மட்டும் ஈர மண்ணில் பாதி புதைந்து நின்றன. மூன்றும் கூர்முனையால். ஆனால் அவற்றை இழுத்தது மண்புழுதானா, மழைத்துளி அடித்து அப்படிச் செருகியதா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. இரவில் விளக்கோடு உட்கார்ந்திருக்கவேண்டும், உட்காராமல் தூங்கிவிட்டேன். இந்த ஆண்டு எண்ணெய்க்குப் பதில் மெழுகு தடவுவதாக இருக்கிறேன். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், கைவிளக்கின் முகப்பில் கட்டுவதற்கு.